தகரத்துக்குக் கூரை வேய்ந்தவர்

அன்று காலை ஷெட்டில் இருந்தவர்கள் நாலே பேர்: ஒர்க்‌ஷாப் முதலாளி, பஸ்ஸுக்குச் சொந்தக்காரரான திருமயம் பக்கத்துச் செட்டியார், உப்புத்தாள் தேய்க்கும் நான், அப்புறம் நாக்குப் பெயிண்டர். புதுக்கோட்டைச் சீமையில் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் எத்தனையோ பேர். எதையும் நக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் அவர் ஒருவர்தான். டீசல், மழைத்தண்ணீர், அடுத்த வீட்டுக் குழம்பு, எல்லாவற்றுக்கும் அதே நாக்கு.

மார்கழிக் குளிரில் பெயிண்ட் காயாது. ஷெட்டைச் சாத்தி, உள்ளே நாலு கரியடுப்பு மூட்டி வைப்போம்; ஒன்றில் முதலாளியின் டீக் கெட்டில் ஓயாமல் கொதிக்கும். விடிந்து பார்த்தால் தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாய் விழுந்து, பஸ்ஸுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். இரண்டு தடவை சுரண்டி இரண்டு தடவை அடித்தாயிற்று. கூரையின் ஆணி ஓட்டைகளுக்குத் தார் வைத்தவன் நான். அஞ்சாங்கிளாஸோடு நின்றவன், இந்த வேலையும் போனால் எங்கே போவேன்? சும்மாவே நான் பயந்தாங்கொள்ளி. அன்று காரணத்தோடு பயந்தேன்.

"நாளன்னைக்கு பஸ்ஸப் பாத்து சர்ட்டிபிகேட் குடுக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாருங்க" என்றார் செட்டியார்.

"இன்னொருக்கா சொட்டுச்சுன்னா, இங்கிட்டு வராத சின்னையா" என்றார் முதலாளி என்னிடம்.

நாக்குப் பெயிண்டர் ஏணியில் ஏறி, நாக்கை நீட்டி ஒரு சொட்டை வாங்கினார். கண்ணை மூடினார்.

"தார் வாசமே இல்ல. மழைத்தண்ணின்னா இவன் வச்ச தாரத் தாண்டித்தானே வரணும்? மழை பேஞ்சே எட்டு நாளாச்சு."

"அப்ப எங்கேருந்துய்யா வருது?"

"ஒங்க டீக் கெட்டில்லேருந்து. நம்ம வாயிலேருந்து. சோத்துப்பானை மூடியில தண்ணி கோத்து நிக்குதே, மூடி என்ன ஓட்டையா மொதலாளி?"

முதலில் கெட்டில் வெளியேறியது. அடுத்து, பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த செட்டியார். "புளியமரத்தடியில விடுங்க, எம்புட்டு வேணாலும் விடுங்க!" என்று அவரை அனுப்பிய பெயிண்டர், கூரையின் இரு முனையிலும் ஆவி போகச் சாண் அகலம் திறக்கச் சொன்னார். கடைசியாகத்தான் குண்டைப் போட்டார்: "தகரம் குளுந்தாத்தான் ஆவி தண்ணியாகும். அது மேல தென்னங்கீத்து வேயுங்க."

முதலாளி துடித்துப்போனார். கீற்றைப் பிரித்தெறிந்துவிட்டு அவர் போட்ட தகரம் அது. தெருவுக்கே முதல் தகரம்.

"தகரத்துக்குக் கூரையா? ஊரே சிரிக்கும்யா!"

"சிரிக்கட்டும். வெளிய நின்னுதானே சிரிப்பாக? உள்ள ஈரம் சேராது."

அன்றே வேய்ந்தோம். மூன்றாம் தடவையாகப் பெயிண்டும் அடித்தோம். கீற்று தீப்பிடித்தால் என்ன செய்வது என்று நான் நாலு வாளித் தண்ணீரை உள்ளே வைத்தேன். பெயிண்டர் தூக்கி வெளியே வைத்தார்.

"ஈரத்த நான் தொரத்துறேன், நீ வாளி வச்சுக் கூப்புடுறியா?"

மறுநாள் காலை உள்ளே போக எனக்குத் தைரியமில்லை. அவர்தான் போனார். தகரத்தை உள்பக்கமாகத் தடவினார், கை நனையவில்லை. பஸ்ஸின் நெற்றியில் நாக்கை வைத்தார். "காஞ்சிருச்சு!" செட்டியார் பஸ்ஸின் பளபளப்பில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டார். முதலாளி என்னைப் பார்த்து, "போயி டீ வாங்கிட்டு வா. எல்லாரும் வெளிய நின்னு குடிப்போம்" என்றார்.

வேலை முடிந்தால் பஸ்ஸின் பின்பக்க மூலையில் தன் பெயரைப் பொடி எழுத்தில் எழுதுவது நாக்குப் பெயிண்டரின் வழக்கம். அன்று "பெயிண்டிங்: சின்னையா" என்று எழுதிவிட்டுப் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த பஸ் கட்டுமாவடிக்கு ஓடியது. ஸ்டாண்டில் நிற்கும்போதெல்லாம் போய், அந்த மூலையில் தெறித்த சேற்றைத் துண்டால் துடைப்பேன். என் பேர்தான். ஆனாலும் அவர் கையெழுத்தல்லவா!