இருந்த இடத்திலேயே மூழ்கிய படகு

ஹேடக் துறை, மெய்ன்
புதன்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஹார்லன் அவர்களுக்கு,

மாமனார் ஆர்விட் எழுதுவது. இங்கு நான் நலம். நீங்களும் என் மகள் சிக்ரிட்டும் போர்ச்சுகலில் வெயிலும் மீனும் அலுக்கும்வரை இருந்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீடு நலம். பூனை நலம், கொஞ்சம் பெருத்திருக்கிறது. தக்காளிச் செடிகள் நலம். படகைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

நீங்கள் இதைப் படிக்கும்போது நான் என் ஊர் துலூத்துக்குப் போகும் பேருந்தில் இருப்பேன். என் ஏரிக்கரை வீட்டை விற்றுவிட்டு உங்களோடு வந்து இருந்துவிடச் சொன்னீர்கள். இந்தக் கோடை முழுக்கத் தங்கிப் பார்த்து முடிவு சொல்லுங்கள் என்றீர்கள். புறப்படும் நாளில் உங்கள் அப்பா விட்டுப்போன படகின் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "மாமா, நாங்க திரும்பி வர்ற வரைக்கும் இது உங்க படகு"ன்னு சொன்னீர்கள். கல்யாணமான நாளிலிருந்து தன் கையில் அந்தச் சாவி வந்ததே இல்லை என்று சிக்ரிட் எனக்குப் பின்னால் முணுமுணுத்தாள். அப்படிப்பட்ட படகைக் கடலுக்கு அடியில் அனுப்பியவன் உங்கள் மேசையில் உட்கார்ந்து, வேகவைத்த உருளைக்கிழங்கை உங்கள் கையால் வாங்கித் தின்ன முடியாது. ஆகவே என் முடிவு இதுதான்: வீட்டை விற்கவில்லை, ஊருக்குப் போகிறேன், தடுக்க வேண்டாம். தடுக்க வசதியில்லாமல் சனிக்கிழமை காலைப் பேருந்தாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறேன், நீங்கள் வருவது மாலைதானே.

இனி நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். சுப்பீரியர் ஏரிக்கரைச் செய்தியாளனாக முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். உல்லாசப் படகுகள் ஏன் மூழ்குகின்றன என்று கோடைதோறும் ஒரு கட்டுரை எழுதுவேன். ஆசிரியர் கோடைதோறும் அதைப் பாதியாக வெட்டுவார். நடுத்தண்ணீரில் மூழ்குவதைவிடக் கரையோரம் கட்டிப்போட்ட இடத்தில் மூழ்கும் படகுகளே அதிகம் என்பது எனக்குத் தெரியும். அடித்துளைத் தக்கையை மாட்ட மறந்தவர், குழாயைக் கவ்வும் வளையம் துருப்பிடித்ததைப் பார்க்காதவர், மழைத்தண்ணீர் போகும் துளையில் இலை அடைத்துக்கொண்டதைக் கவனிக்காதவர், பம்பு இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கி மின்கலம் தீர்ந்துபோனதை அறியாதவர் என்று எல்லோரையும் பேட்டி எடுத்திருக்கிறேன். எல்லோரும் படகைத்தான் குறை சொன்னார்கள். ஆகவே உங்கள் படகில் ஏறும்போதெல்லாம் முதலில் தக்கையைத் தொட்டுப் பார்ப்பேன், பிறகு குழாய்களை, பிறகு மின்கலத்தை. சம்பவத்தன்றும் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. இதைக் குறித்துக்கொள்ளவும்.

அன்று திங்கட்கிழமை. காலையில் தனியாகப் போய் மீன் பிடித்துவிட்டுத் திரும்பினேன். வழக்கமாக நீங்கள் படகைத் துறை நடுவில் மிதவைப் பந்தில் கட்டிவிட்டுச் சின்னத் தோணியில் கரைக்கு வருவீர்கள். எனக்குத் தோள் வலி. அதோடு, ஒரு நல்ல படகை ஆட்டுக்குட்டி மாதிரி ஒற்றைக் கயிற்றில் கட்டி நடுத்தண்ணீரில் விட்டுவிட்டு வருவது எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. பெட்ரோல் போடும் மிதக்கும் மேடையில் சில தடவை கட்டியிருக்கிறேன். அன்று அங்கே சிங்கி இறால் பிடிக்கும் படகுகள் நெருக்கியடித்து நின்றன. பக்கத்தில் மீன் இறக்கும் பழைய ஜெட்டி, தரையில் ஊன்றிய அசையாத மேடை, காலியாக இருந்தது. கனமான மரத்தூண்கள், தூண்களுக்குக் குறுக்கே கைக்கு எட்டும் உயரத்தில் உத்திரம். பார்த்ததும் ஊருக்குப் போனது போல் இருந்தது. எங்கள் ஏரியில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்பதை அவன் படகைக் கட்டியிருக்கும் இறுக்கத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். கயிறு தொங்கினால் அவன் கடனைத் திருப்பித் தர மாட்டான் என்று பேசிக்கொள்வார்கள். ஆகவே முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு கயிற்றையும் அந்த உத்திரத்தோடு சேர்த்து, விரல் நுழைய இடமில்லாமல், உங்கள் மாமனார் என்று சொல்லிக்கொள்ள நீங்கள் வெட்கப்படாத விதத்தில் கட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பிறகு சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சிப்பிச் சூப்பும் புளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரமும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினேன்.

மாப்பிள்ளை, நான் கட்டியது வற்றம் முடிந்து தண்ணீர் அடிமட்டத்தில் இருந்த நேரம். இந்த ஊரில் கடல் இரண்டு ஆள் உயரம் ஏறும், இறங்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வந்த நாள் முதல் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அழகாக இருக்கிறது என்று உங்களிடமே சொல்லியிருக்கிறேன். ஆனால் அது என் மூளைக்குத் தெரியும், என் கைக்குத் தெரியாது. என் கை அறுபது வருடமாக, வைத்த இடத்தில் இருக்கும் தண்ணீரில் பழகியது.

துறைமுக அதிகாரி வெர்னா வந்து கதவைத் தட்டினார். அவசரமே காட்டவில்லை. "ஏரிக்காரரே, உங்க ஊர்ல தண்ணிய ஆணியடிச்சு வச்சிருப்பாங்களா?"ன்னு கேட்டார். நான் ஓடினேன். நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்: படகு கீழே இறங்கவில்லை. நான் கட்டிய இடத்தில், கட்டிய உயரத்தில், கட்டிய மாதிரியே இருந்தது. கடல்தான் மேலே வந்திருந்தது. பக்கச்சுவர் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பம்பு தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. கடலில் இருந்து வந்ததைக் கடலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. என் முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. கயிறு பிய்ந்துபோகவாவது வேண்டும் அல்லவா, அதுவும் புதுக் கயிறு. கயிறு மாட்டும் இரும்புக் கொம்புகளாவது பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அவற்றை உங்கள் அப்பா அடியில் ஓக் பலகை கொடுத்து, திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார். மட்டமான படகாக இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜெட்டி ஓரத்தில் ஆழம் கிடையாது. வெர்னா என்னிடம், விட்டுவிடுங்கள், படகு அங்கேயே நிறைந்து அங்கேயே உட்காரட்டும், சாயங்காலம் தண்ணீர் இறங்கியதும் வாளியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லத் தொடங்கினார். அவர் பேச்சு மிகவும் நிதானம். "வாளி" என்ற சொல் வருவதற்குள் நான் ஜெட்டி ஏணியில் இறங்கி, கையைத் தண்ணீருக்குள் விட்டு, மீன் கத்தியால் நாலு கயிற்றையும் அறுத்துவிட்டேன். படகு ஒரு துள்ளு துள்ளி மேலே வந்தது. காப்பாற்றிவிட்டேன் என்று வெர்னாவைத் திரும்பிப் பார்த்தேன். பாதி நிறைந்த படகு ஒருபுறம் சாய்ந்து, ஏற்றத்தின் இழுப்பில் ஜெட்டியை விட்டு நகர்ந்து, பெரிய படகுகளுக்காக ஆழப்படுத்திய கால்வாய்க்கு நேர் மேலே போய் நின்று, யோசித்துவிட்டு, எஞ்சின் இருக்கும் பின்பக்கமாக இறங்கியது. அந்தக் காலத்துக் கண்ணாடியிழைப் படகு, உள்ளே மிதவை நுரை கிடையாது. கடைசியாக உங்கள் அப்பா மாட்டிய சின்னக் கொடி போனது.

வெர்னா, "இப்ப வாளி பத்தாது"ன்னு சொன்னார்.

மறுநாள் துறை முழுவதும் கூடிவிட்டது. ஒருவர் காபிக் குடுவையோடு வந்தார், ஒருவர் டோனட் பெட்டியோடு வந்தார், எல்லோரும் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்தார்கள். எங்கள் ஏரியில் மூழ்கிய படகுகளை எடுப்பதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். காற்றுப்பைகளை உள்ளே திணித்து ஊதுவார்கள், அல்லது தெப்பத்தில் கிரேனைக் கொண்டுவருவார்கள். இங்கே கடல் முள்ளெலி எடுக்க முங்குகிற எல்வின், வாயில் ரொட்டியை மென்றபடியே ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, படகின் வயிற்றுக்கு அடியில் இரண்டு பட்டைகளைக் கோத்துவிட்டு வந்தான். இரண்டு சிங்கி இறால் படகுகள் இருபுறமும் நின்றன, அவற்றின் குறுக்கே இரண்டு தேவதாரு மரங்கள், மரங்களில் பட்டைகள். தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கியதும் பட்டைகளை இழுத்துக் கட்டினார்கள். பிறகு எல்லோரும் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

கிரேன் எப்போது வரும் என்று வெர்னாவிடம் கேட்டேன்.

"வந்துட்டே இருக்கு"ன்னு கடலைக் காட்டினார். "கொஞ்சம் மெதுவாத்தான் வேலை செய்யும். ஆனா லீவு போடாது."

உண்மைதான். முந்தின நாள் என்னை அவமானப்படுத்திய அதே ஏற்றம், அதே வேகத்தில், ஒரு முகபாவமும் இல்லாமல் இரண்டு படகுகளையும் தூக்கியது. அவை மரங்களைத் தூக்கின. மரங்கள் உங்கள் படகைத் தூக்கின. அடிமண்ணை விட்டு எழுந்ததும் மெல்ல நகர்த்திக் கூழாங்கல் கரையில் கொண்டுபோய் அமர்த்தினார்கள். தண்ணீர் மறுபடி இறங்கியபோது படகு மட்டும் மிச்சமாக நின்றது. நான் தினமும் தொட்டுப் பார்த்த தக்கையை எல்வின் கழற்றினான். எல்லாம் வடிந்து முடிகிறவரை அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். உள்ளே சாமான் பெட்டியில் ஒரு சிங்கி இறால் ஒரே ராத்திரியில் குடியேறியிருந்தது. வெர்னா சட்டைப் பையிலிருந்து, சட்டப்படி பிடிக்கலாமா என்று பார்க்கும் பித்தளை அளவுகோலை எடுத்து அதன் முதுகை அளந்து, "சிறுசு"ன்னு சொல்லிக் கடலில் விட்டார். அன்று அந்தப் படகிலிருந்து சட்டப்படி வெளியேறியது அது ஒன்றுதான்.

எஞ்சின் விஷயத்தைச் சிக்ரிட்டுக்கு மெதுவாகச் சொல்லவும். தண்ணீருக்குள் இருக்கும்வரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாதாம், உப்போடு காற்றுப் பட்டால்தான் துரு பிடிக்குமாம். எல்வின்தான் இந்தத் துறையின் எஞ்சின் வைத்தியனும். ஆனால் வியாழன்வரை அவனுக்குக் கடலில் வேலை. அதுவரை நல்ல தண்ணீரில் முழுக்க முக்கி வைக்கச் சொன்னான். அத்தனை பெரிய பீப்பாய் ஊரில் யாரிடமும் இல்லை. ஆகவே அது இப்போது கீழ்வீட்டுக் குளியல் தொட்டியில் இருக்கிறது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். சிக்ரிட்டின் லாவண்டர் சோப்புகளை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டேன். நேற்றிரவு அவள் போனில் வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, ஒன்றும் உடையவில்லை, குளியலறையை மட்டும் அதிகம் உபயோகிக்கிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

எஞ்சின் பிழைக்குமா என்று தெரியாது. படகின் உடம்பில் விரிசல் இல்லை. நானே தடவிப் பார்த்தேன். அப்படித் தடவிக்கொண்டிருந்தபோது கொம்புகளுக்கு அடியில் உங்கள் அப்பா வைத்திருந்த ஓக் பலகைகளைப் பார்த்தேன். யாரும் பார்க்க முடியாத இடம், அதிலும் ஓரங்களை இழைத்து மழுக்கியிருக்கிறார். நான் அவரைச் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தால் கயிறு எப்படிக் கட்ட வேண்டும் என்று அவருக்குப் பாடம் எடுத்திருப்பேன், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் அவர் பிள்ளை. நீங்களும் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பெட்டி கட்டியாகிவிட்டது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் சலிக்காமல், நிறைய வருடம் இருக்க வேண்டும். என் மகள் காலையில் பேசமாட்டாள், காபி குடித்த பிறகு பேசுவாள்; அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெர்னாவுக்கும் எல்வினுக்கும் என் நன்றியைச் சொல்லவும். பூனைக்கு ஒருவேளைச் சாப்பாடு போதும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மாறாத அன்புள்ள மாமனார்,
ஆர்விட் ஹால்வர்சன்

பின்குறிப்பு, வியாழன் மாலை: எல்வின் வந்தான். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் ஊற்றி, பகல் முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டு முடுக்கினான். நாலாவது இழுப்பில் எஞ்சின் இருமியது, பிறகு ஓடியது. நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை வெர்னா பார்த்துவிட்டார். பேருந்து விஷயத்தை அவரிடம் சொன்னேன், இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்க்கும்படியும் கேட்டேன். அவர் கடிதத்தின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"படகு முங்கினா சொந்தக்காரருக்குச் சொல்லணும், அது என் வேலை. அன்னிக்கே போர்ச்சுகல் ஹோட்டலுக்குப் போன் போட்டுட்டேன். ஹார்லன் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், 'மாமா தண்ணில விழுந்தாரா?'ன்னு. இல்லைன்னேன். 'அப்ப சரி. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அவரே எழுதணும்னு நெனைப்பார்'னு சொல்லிட்டார்."

மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாகக் கருதவும். பேருந்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், வீட்டை விற்கச் சொல்லித் துலூத்தில் தரகருக்கும் போன் செய்துவிட்டேன். படகை அறியாமையால் மூழ்கடித்தவனை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள், சரி. எல்லாம் தெரிந்தும் ஒரு கிழவனை இரண்டு நாள் உட்கார்ந்து இத்தனை பக்கம் எழுதவிட்ட உங்களை நான் மன்னிக்கவில்லை. இதைப் பற்றி இந்தக் குளிர்காலம் முழுவதும் உங்களோடு சண்டை போடப் போகிறேன்.