உட்காராத கேள்வி

"அந்த நாலாவது கேள்வியை எடுத்துடும்மா," என்றார் பேராசிரியை ஸ்வர்ணலதா.

தியாகராய நகர் ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்யவிருந்த அனுப்ரியாவுக்கு உயிரே அந்த நாலாவது கேள்விதான். 'வேலை நேரத்தில் உட்காருகிறீர்களா? இல்லையென்றால் ஏன்?'

"மேடம், ஆராய்ச்சியே அதுக்குத்தானே?"

"ஆராய்ச்சிக்குப் பணம் யாரு தர்றது? ஜவுளிக்கடை கணேசமூர்த்தி அண்ணாச்சி. அவர் மனசு சங்கடப்பட்டா அடுத்த வருஷம் உன் உதவித்தொகை என்ன ஆகும்?"

"அவர் ஏதாவது சொன்னாரா?"

"பெரிய மனுஷங்க சொல்ல மாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும்."

மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருந்த அனுப்ரியாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கேள்வி, 'பணிச்சூழல் உங்களுக்கு மனநிறைவு தருகிறதா?' என்று அடக்கமாக மாறியது.

அண்ணாச்சி கடையின் பட்டுப் பிரிவில் நின்றிருந்த ஜெனிதாவிடம் அதைக் கேட்டாள். ஜெனிதா பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப மனநிறைவுக்கா," என்றாள். அந்த மாடியில் இருந்த எல்லோரும் அதே இரண்டு சொற்களையே சொன்னார்கள்.

"இவ்வளவு நிறைவை எந்த ஆய்விதழும் நம்பாது," என்றார் ஸ்வர்ணலதா. "கடைக்கு வெளியில வச்சுக் கேளு."

மறுநாள் காலை மாம்பலம் ஸ்டேஷனில் ஜெனிதா ரயிலிலிருந்து குதித்த வேகத்தில் நடந்தாள்.

"லேட்டா போனா சம்பளத்துல புடிப்பாங்கக்கா. நடந்துகினே கேளு."

ரங்கநாதன் தெரு நெரிசலில் அறிவியல் மூச்சிரைக்க ஓடியது.

"சொல்லு ஜெனிதா, உண்மையா எப்படி இருக்கு?"

"இன்னாத்த சொல்றது? ராவுல காலு ரெண்டும் வீங்கிப் போவுது. அத எழுதிக்கோ."

அனுப்ரியா மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டாள். சமூகவியலாளர்களுக்கு அடுத்தவர் கால் வீங்கினால்தான் கொஞ்சம் தெம்பு வரும்.

"வீக்கமெல்லாம் வேண்டாம். 'உடல்சார் அனுபவம்'னு போடு," என்றார் ஸ்வர்ணலதா.

அதையும் போட்டாள். ஆனால், நடுத்தெருவில் கையெழுத்து ஒப்புதல் வாங்காமல் பேட்டி எடுத்தது அறம் ஆகாது என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு எல்லாப் பேட்டிகளையும் தள்ளிவிட்டது. அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. கடையில் கையெழுத்துப் போட நேரம் இருந்தவர்கள் ஒரு தரப்பினர் மட்டும்தான்: உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள். அவர்களிடமே கேட்டு முடித்தாள்.

'விற்பனைப் பெண்கள் மனநிறைவோடு இருப்பதாக வாடிக்கையாளர்கள் உணர்கிறார்கள்' என்று வழவழப்பான தாளில் அறிக்கை அச்சானது.

அடையாறில் நடந்த வெளியீட்டு விழாவில் அண்ணாச்சி அதைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். ஒரு பெருமூச்சு விட்டார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"பார்த்தியா, ஒரு வார்த்தை குறை சொல்லல," என்றார் ஸ்வர்ணலதா, போண்டாவைப் பிட்டபடி. "அவர் மனசு தெரிஞ்சு நடந்தோம்ல?"

அண்ணாச்சியின் மேனேஜர் சக்திவேல் மட்டும் போகாமல் அறிக்கையை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?" என்றாள் அனுப்ரியா.

"பதிலத்தாம்மா. அண்ணாச்சி போன வருசமே மாடிக்கு மாடி நாற்காலி வாங்கிப் போட்டுட்டாரு, ஒரு பிள்ளைகூட உக்கார மாட்டேங்குது. யாருக்குப் பயந்து நிக்குதுன்னு கேட்டுச் சொல்லத்தான் உங்களுக்குப் பணமே குடுத்தாரு."