ஈத் தூண்டில் சம்பந்தி

வேதமுத்துவின் தூண்டிலில் முதன்முதலாக மாட்டியது, பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி அம்மாளின் உள்பாவாடை.

மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அதைக் கொக்கி கவ்வியது தெரியாமல், வேதமுத்து கழியை முழு பலத்தோடு முன்னால் வீசினார். ஊதா நிற உள்பாவாடை மேனாம்பேட்டு வானத்தில் கம்பீரமாகப் பறந்து, தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பால்காரரின் தலையில் போய் இறங்கியது. பால்காரர் சாக்கடையில் இறங்கினார்.

"இன்னாங்க பண்றீங்க மேல?" என்று கீழேயிருந்து மனைவி ஞானகுமாரியின் குரல் வந்தது.

"பயிற்சி" என்றார் வேதமுத்து.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நட்டு போல்ட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஸ்டோர் கீப்பர். அந்த வாரம் வரைக்கும் மீனுக்கும் அவருக்கும் இருந்த உறவு குழம்பு வழியாக வந்ததுதான். எல்லாம் மகள் ஜெயகுமாரியால் வந்த வினை.

முந்தின ஞாயிறு, ஆவடியிலிருந்து ராயப்பன் தன் மனைவி செலினோடும் மகன் ஜேசுராஜோடும் பெண் பார்க்க வந்திருந்தார். பையனுக்கு பேங்க்கில் வேலை. வருகிற மாப்பிள்ளைக்கெல்லாம் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஜெயகுமாரி, இவனைப் பார்த்ததும் காபியில் சர்க்கரை போதுமா என்று தானாகவே கேட்டாள். வேதமுத்துவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது. கோயிலில் ஃபாதர் கல்யாண ஓலையை வாசித்து அறிவித்துவிட்டால் மீதியும் முடிந்துவிடும்.

அப்போதுதான் ராயப்பன் பேச ஆரம்பித்தார்.

பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நீலகிரியில் வேலை பார்த்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஈத் தூண்டில் கற்றவர். புழுவைக் கோத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையில் பீடி குடிப்பதெல்லாம் மீன்பிடிப்பே அல்ல என்பது அவர் கட்சி. இறகையும் பட்டு நூலையும் கொக்கியில் கட்டி, ஈ மாதிரியே ஒன்றைச் செய்ய வேண்டும். நீளமான நூலைச் சாட்டைபோல முன்னும் பின்னும் சுழற்றி, அந்தப் பொய் ஈயைத் தண்ணீர்மேல் பூப்போல இறக்க வேண்டும். அது கலை. அது நாகரிகம். கேசரி ஆறி, பஜ்ஜி ஆறி, மாப்பிள்ளைப் பையன் கொட்டாவி விடும்வரை சொன்னார்.

இவ்வளவுக்குப் பிறகும் பெண்ணைப் பெற்றவன் சும்மா உட்கார்ந்திருந்தால் குடும்பத்தின் மதிப்பு என்ன ஆவது என்று வேதமுத்துவுக்குத் தோன்றியது.

"எனக்கும் அதே பைத்தியந்தாங்க" என்றார். "ஈத் தூண்டில்னா உயிர விட்டுடுவேன்."

ராயப்பன் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். செலின், கடிக்கப் போன பஜ்ஜியை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வேதமுத்துவையே பார்த்தார். அந்த அம்மா பிரமித்துப் போய்விட்டார் என்று வேதமுத்து எண்ணிக்கொண்டார்.

வருகிற ஞாயிறு பாரிவாக்கம் ஏரியில் இருவரும் சேர்ந்து தூண்டில் போடுவது, அங்கேயே கரையில் உட்கார்ந்து பேச்சை முடித்துவிடுவது என்று ராயப்பன் சொல்லிவிட்டுப் போனார்.

பெரம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விற்றுவிட்டுப் போன சாமான்களில், பியானோ ஸ்டூலுக்கும் கிழிந்த குடைக்கும் நடுவே, அந்தக் கழி கிடைத்தது. அதன் முதல் வேட்டைதான் உள்பாவாடை.

கொடி இல்லாத பக்கமாகப் போய் வீசலாம் என்று மாடியின் மறுமூலைக்குப் போனார். அந்தப் பக்கம் ஆன்டெனா இருந்தது. டி.வி.யில் பாட்டுப் போடுகிற நேரம் வேறு. நூல் ஆன்டெனாவைச் சுற்றிக்கொள்ள, இவர் இழுக்க, அது பூந்தமல்லியைப் பார்த்துத் திரும்பி நின்றது. தாட்சாயிணி அம்மாள் வீட்டு டி.வி.யில் கதாநாயகி புள்ளி புள்ளியாகிக் கரைந்து போனாள். தெருவே படியேறி வந்தது. வேதமுத்து ஆன்டெனாவைச் சரிசெய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். அதனால் அன்று இரவு முழுக்கத் தெருவில் இருந்த எல்லா ஆன்டெனாவையும் அவரே சரிசெய்ய வேண்டியதாயிற்று.

"தெரியாதுன்னு சொல்லிட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்று கேட்டாள் ஞானகுமாரி.

"சம்பந்தமே போயிடும்டி. பையனோட அம்மா என்னைப் பார்த்த பார்வைய நீ பாக்கல."

ஈ ஒன்று செய்ய வேண்டியிருந்தது. ஞானகுமாரி கிறிஸ்மஸுக்காக வளர்த்துக்கொண்டிருந்த சேவலைப் பிடித்து அதன் வாலைக் காலி செய்தார் வேதமுத்து. அன்றிலிருந்து அந்தச் சேவல் சுவரோரமாகவே நடந்தது. விடியலில் கூவுவதையும் நிறுத்திவிட்டதால் ஞானகுமாரி தாமதமாக எழுந்து, வேதமுத்து தினமும் பழையதோடு வேலைக்குப் போனார்.

செய்து முடித்த ஈயைக் கம்பெனி வாட்ச்மேன் வேம்புலியிடம் காட்டினார். வேம்புலி அதைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இன்னா சார் இது? எறகுப்பந்துக்கு அம்மை போட்ட கணக்கா கீது. மீனு பாத்துச்சுன்னா பயந்துகினு பெங்களூருக்கே ஓடிரும்."

வேதமுத்து அழாக்குறையாக விஷயத்தைச் சொன்னார். வேம்புலி கொஞ்சம் யோசித்தான்.

"மீனு தானா வந்து மாட்டுனா இன்னா, நான் மாட்டி வுட்டா இன்னா? ஏரியில ஆகாயத்தாமரை கெடக்குது. அதுல ஒரு கொத்தைத் தலையில போட்டுகினு கழுத்தளவு தண்ணில நிக்கறேன். நீ நூலை வுடு, மாமே. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஞாயிறு சாயங்காலம் ராயப்பன் உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டையும் தொப்பியுமாக ஏரிக்கரையில் வந்து இறங்கினார். செலின் கரைமேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வேதமுத்து கண்ணை மூடி, மாதாவை வேண்டிக்கொண்டு வீசினார். கொக்கி ராயப்பனின் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டது.

ராயப்பன் தொப்பி மிதப்பதையே உற்றுப் பார்த்தார்.

"நெழலைக் காட்டி மீனைக் கெளப்புறீங்க" என்றார் மெதுவாக. "ஸ்காட்லாந்துல இப்படிச் செய்வாங்கன்னு என் துரை சொல்லியிருக்கார். கண்ணால இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இரண்டாம் தடவை நூல் வேதமுத்துவையே சுற்றிக்கொண்டது. கை கால் அசைக்க முடியாமல் நூற்கண்டு மாதிரி நின்றார். மீனுக்கு முன்னால் மரம்போல நிற்பதற்கு எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும் என்று ராயப்பன் கரையைப் பார்த்து மனைவிக்கு விளக்கினார். செலின் திரும்பவில்லை.

மூன்றாம் தடவை நூல் எங்கோ விழுந்தது. காற்றே இல்லாத ஏரியில் ஒரு கொத்து ஆகாயத்தாமரை மட்டும் அவசரமாக அதை நோக்கி நகர்ந்தது. அதற்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது.

"நீர்க்கோழி" என்றார் வேதமுத்து.

நூல் வெடுக்கென்று இழுபட்டது. வேதமுத்து பயத்தில் கழியோடு பின்னால் சாய்ந்து மல்லாக்க விழ, முழங்கை நீள விரால் ஒன்று தண்ணீரிலிருந்து கிளம்பி வந்து அவர் நெஞ்சின்மேல் விழுந்து துள்ளியது.

ராயப்பனின் கண் கலங்கிவிட்டது. சேற்றையும் பாராமல் வேதமுத்துவைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். கல்யாணம் முடிந்த கையோடு, ஞாயிறு தவறாமல் ஏரி ஏரியாக இருவரும் போகவேண்டும் என்றார். செம்பரம்பாக்கம் ஒரு வாரம், புழல் ஒரு வாரம். லீவு விட்டால் இரண்டு குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு நீலகிரிக்கே போய்விட வேண்டியதுதான். இனி என் சம்பந்தி இல்லாமல் நான் தூண்டிலைத் தொடமாட்டேன் என்று கரையைப் பார்த்துக் கத்தினார். வேதமுத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் காதில் ஃபாதர் ஓலை வாசிக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

செலின் எழுந்து, ஜமுக்காளத்தை உதறி மடித்துக்கொண்டு கரையிலிருந்து இறங்கி வந்தார். மீனைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். கடைசியாக வேதமுத்துவைப் பார்த்தார்.

"எல்லாம் சின்ன வயசுப் பழக்கங்க" என்றார் வேதமுத்து, அடக்கமாக.

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க, கொறை சொல்ல மாட்டேன்" என்றார் செலின். "ஆனா கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இந்த மனுசன் ஒரு ஞாயித்துக்கெழம ஊட்ல தங்குனதில்ல. தூண்டிலுன்னா இன்னான்னே தெரியாத சம்பந்தியா ஒருத்தரக் காட்டுங்கன்னு ஃபாதர்கிட்ட கேட்டுத்தான் உங்க ஊட்டுக்கே வந்தேன்."