லொறித் தரிப்பிடத்தில் எங்கள் கண்ணாடியைத் தொட்ட கை

இடம்: முடிவில் எழுதுவேன்.
நாள்: இலையுதிர்கால விடுமுறையின் கடைசி ஞாயிறு

பெருமதிப்புக்குரிய ஞானமலர் மாமி அவர்களுக்கு,

உங்கள் தம்பி ஜெபநேசனின் மகள், டோஸ்ட்ருப்பில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மிரியம் பணிவோடு எழுதுவது. நடந்தவற்றை நடந்தபடியே எழுதுவேன், எங்களுக்கு வெட்கமான இடங்களையும் மறைக்கமாட்டேன் என்று முதலிலேயே வாக்குத் தருகிறேன். ஆண்டவருடைய தயவால் நாங்கள் நால்வரும் சுகம், தம்பி லூக்காஸுக்கு மட்டும் தடிமனும் தும்மலும். உங்கள் முழங்கால் வலிக்காகவும், அன்புராஜா மாமாவின் வேலைக்காகவும், ஜெனுஷா மச்சாளின் கைக்குழந்தைக்காகவும் வீட்டில் நாள்தோறும் ஜெபிக்கிறோம். அப்பா மட்டும் யாருடைய பெயரையும் சொல்லாமல், உங்கள் ஊரின் பெயரை வைத்து "கிரின்ஸ்டெட்டில் இருக்கிறவர்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆமென் போடுவார். ஏன் என்று கேட்டால், ஆண்டவருக்கு விலாசம் தெரியும் என்கிறார்.

இந்தக் கடிதத்தின் காரணம் இதுதான். ஓல்போர்க்கில் சபையின் குடும்ப முகாமில் ஒரு அன்ரி அம்மாவைத் தனியே கூப்பிட்டு, நீங்கள் சொன்னதாக ஒன்றைச் சொன்னார். "என்ரை ஊர் மட்டும் வந்தவன், என்ரை வீட்டு வாசலை மிதிக்காமல் லொறிக்காரரோடை படுத்திட்டுப் போயிட்டான். என்னைக் கேவலப்படுத்தத்தான்" என்று. நீங்கள் அப்படிச் சொன்னீர்களோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிரவு அங்கே நடந்ததை விழித்திருந்து பார்த்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கும் அப்பாவுக்கும் இடையில் மூன்று வருடங்களாகப் பேச்சில்லாததன் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் எதையும் விடமாட்டேன் என்று வாக்குத் தந்துவிட்டேன். ஜெனுஷா மச்சாளின் கலியாணக் கார்ட் எங்களுக்குத் தபாலில் வந்தது. அப்பா அதைப் பிரிக்கவேயில்லை, முத்திரையைத்தான் நெடுநேரம் பார்த்தார். "கூடப் பிறந்தவனுக்கு முத்திரை ஒட்டியோ கலியாணம் சொல்லுறது? கரண்ட் பில்லும் இப்பிடித்தானே வருது" என்றார். அம்மா எவ்வளவு சொல்லியும் கலியாணத்துக்குப் போகவில்லை. நீங்கள் இரவு வேலையும் கலியாண வேலையுமாக அலைந்தீர்கள், இரண்டுதரம் போன் எடுத்தீர்கள், அப்பா எடுக்கவில்லை என்பது அம்மா சொல்லி எனக்குத் தெரியும். குழந்தையின் படம் வந்தபோது அப்பா கழிவறைக்குள் போனைக் கொண்டுபோய்ப் பார்த்தார் என்பதை யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

சரி, பயணம். முகாமில் அறைகள் நிரம்பிவிட்டதால் சபையிலுள்ள தவராஜா அங்கிள் தன்னுடைய ஓட்டோகேம்பரைத் தந்தார். உள்ளே கட்டிலும் அடுப்பும் உள்ள பெரிய வான் அது. அப்பாவுக்கு அதைக் கண்டதும் ஒரே புளுகம், வாயெல்லாம் சிரிப்பு. "எவரின்ரை கதவையும் தட்டத் தேவையில்லை, எங்கை நிக்கிறமோ அதுதான் வீடு" என்று அதன் வயிற்றைத் தட்டிக்கொடுத்தார். வெள்ளி பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும் புறப்பட்டோம். பெரிய பாலம் தாண்டி, ஃபுன் தீவு தாண்டி, வைலெ நகருக்குக் கிட்டே வந்ததும் வழிகாட்டும் கருவியிலுள்ள பெண் நேரே வடக்கே போகச் சொன்னாள். அப்பா மேற்கே திருப்பினார். அவள் திரும்பி வரச் சொன்னாள், மறுபடி சொன்னாள், கடைசியில் அப்பா அவளை அணைத்தார். "உந்தப் பக்கம் நெரிசலப்பா" என்றார். "நெரிசலோ? முன்னாலை ஒரு உழவு மெசின் போகுது, பின்னாலை ஆருமில்லை" என்றார் அம்மா. மாமி, நான் வரைபடத்தை நன்றாகப் பார்த்தேன். டோஸ்ட்ருப்பிலிருந்து ஓல்போர்க் போகும் எவருக்கும் கிரின்ஸ்டெட் வழியில் வராது.

இருட்டோடு பனிப்புகாரும் இறங்கியது. காற்றாலைகளைக் காணவில்லை, அவற்றின் சிவப்பு விளக்குகள் மட்டும் வானத்தில் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. உங்கள் ஊருக்குச் சற்று வெளியே உள்ள லொறித் தரிப்பிடத்துக்குள் அப்பா வானை விட்டபோது மணி எட்டுக்கூட ஆகவில்லை. "வாகனம் களைச்சுப்போச்சு" என்றார். அங்கே லொறிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் முகத்திலும் உள்ளே திரை இழுத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் தூங்காமல் நிற்பவைபோல. ஒரு குளிரூட்டி லொறி மட்டும் இருந்திருந்து தானாக உறுமும், பிறகு தானாக அடங்கும். அதன் அருகில் மனிதர் எவரும் இல்லை.

அப்பா இருப்பதிலேயே நீளமான இடத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, எங்கள் மடக்கு நாற்காலிகளை வெளியே விரித்தார். அம்மா கதவைத் திறந்துவைத்து மீன் பொரித்து, சட்டியோடும் பின்னாலிருந்த கிரின்ஸ்டெட் பெயர்ப்பலகையோடும் ஒரு படம் எடுத்துத் தன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். அப்போது புகாருக்குள்ளிருந்து ஒரு பெரிய லொறி சத்தமில்லாமல் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஹோர்ன் அடிக்காமல், விளக்கை ஒரேயொருதரம் மின்னவைத்தது. மரச்செருப்புப் போட்ட ஒரு பெண் இறங்கி வந்தார். அவருடைய பெயர் இங்கர் என்று பிறகு தெரிந்தது. டெனிஷில் அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "இது நீள வண்டிக்கான இடம். எனக்கு இன்றைய ஓட்டும் நேரம் முடிந்துவிட்டது, இனிமேல் ஓட்டினால் சட்டக்குற்றம். உங்கள் படுக்கையறையைச் சின்ன வண்டிகளின் பக்கம் கொண்டுபோங்கள்."

அப்பாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. வானைச் சின்ன வண்டிகளின் பக்கம் மாற்றினார், ஆனால் நாற்காலிகளை அங்கேயும் வெளியே விரித்தார், பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. வந்த இடத்தில் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் படுப்பது மரியாதை இல்லையாம். ஒவ்வொரு லொறியாகப் போய்க் கதவைத் தட்டத் தொடங்கினார். "நாங்கள் டோஸ்ட்ருப். ஒரு இரவுதான். குறை நினைக்கவேண்டாம்." முதல் லொறியில் இரண்டு விரல்கள் திரையை விலக்கின, ஒரு கண் தெரிந்தது, மறைந்தது. அடுத்ததில் பெரிய ஸ்பானரோடு ஒருவர் உள்ளாடையுடன் இறங்கினார். மூன்றாவதில் திரைக்குப் பின்னால் எரிந்த சின்ன வெளிச்சம் அணைந்தது. அம்மா ஓடிப்போய், "இஞ்சேருங்கோ, கலியாணம் சொல்லுறமாதிரி வாசல் வாசலாப் போறியளே, விசரே, மூளை பிசகிப்போச்சோ?" என்றார். கலியாணம் என்ற சொல் கேட்டதும் அப்பாவின் கை அடுத்த கதவுக்கு அரை அடி முன்னால் அப்படியே நின்றது. திரும்பி வந்தார்.

இங்கருக்குத் தேத்தண்ணியும் மீனும் கொடுத்தோம். உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது, ஆனால் தட்டை விடவில்லை. "திரை இழுத்திருந்தால் உள்ளே ஆள் இல்லை, இருந்தாலும் இல்லை. இரவில் கதவைத் தட்டுகிறவன் டீசல் திருடன், இல்லாவிட்டால் பொலிஸ். நாற்காலிகளை உள்ளே எடுங்கள், இங்கே தூங்கலாம், குடியிருக்கக்கூடாது" என்று திட்டித் திட்டியே இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு போகும்போது என்னைப் பார்த்து, "தங்குகிற வண்டி நின்றதும் விளக்கை அணைக்கும். அணைக்காமல் நிற்கிற வண்டி இன்னும் முடிவெடுக்கவில்லை. அதன் கிட்டே போகாதே" என்றார். அப்பாவிடம், "இவ்வளவு மரியாதை பார்க்கிறீர்கள், இந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர் இல்லையா?" என்று கேட்டார். அப்பா "இல்லை" என்றார். நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தார்.

இனி இரவு. மாமி, தயவுசெய்து இதை உட்கார்ந்து வாசியுங்கள். எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் மேல்கட்டிலில் டோர்ச்சோடு புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். தரிப்பிடத்துக்குள் ஒரு கார் மிக மெதுவாக வந்து எங்களுக்கு எதிரே நின்றது. இயந்திரம் நிற்கவில்லை. விளக்கு அணையவில்லை. வெள்ளை வெளிச்சம் திரைத்துணியைத் தாண்டி வந்து எங்கள் சுவரில் ஏறியது. கதவு ஒன்று திறந்தது, மூடவில்லை. கற்களில் காலடி கேட்டது. அவசரமில்லாத காலடி, ஒரு கால் சற்று இழுபடும் காலடி. அது எங்கள் வானை ஒருதரம் சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. வெளிச்சத்துக்கும் எங்களுக்கும் நடுவே வந்தபோது, தலையை மூடிய ஒரு நிழல் சுவர் முழுவதும் வளர்ந்து, லூக்காஸின் போர்வைமேல் நடந்து போனது. அவன் விழித்துவிட்டான். "திருடனா?" என்று டெனிஷில் கேட்டான். நான் டோர்ச்சை அணைத்தேன். குளிரூட்டி லொறியும் அந்த நேரம் பார்த்து அடங்கிவிட்டது.

பிறகு கைபிடி அசைந்தது. கதவு ஒரு விரல் அளவு திறந்தது. குளிரும் புகாரும் உள்ளே வந்தன. அந்த இடைவெளியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. எங்கள் எல்லோரையும் எண்ணுவதுபோல. இரவு ஜெபத்தில் சொன்ன வசனத்தில் ஒரு சொல்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்போது அந்த உருவம் மிகத் தாழ்ந்த குரலில், தெளிவாக, இப்படிச் சொன்னது:

"கதவையும் பூட்டேல்லை, விசரன்."

கதவு வெளியிலிருந்து இழுத்து இறுக்கிச் சாத்தப்பட்டது. லூக்காஸ் என் காதுக்குள், "அக்கா, பேய் தமிழ் கதைக்குது" என்றான். அவனாகத் தமிழில் முழு வாக்கியம் பேசியது அந்த மாதத்தில் அதுதான் முதல்தடவை.

அது உடனே போகவில்லை. அப்பா தலைவைத்துப் படுத்திருந்த பக்கத்துக்கு வந்து, கண்ணாடியில் வெளியிலிருந்து ஒரு கையை விரித்து வைத்தது. தட்டவில்லை. சும்மா வைத்தபடி நின்றது. கையின் நிழல் திரையில் விழுந்தது. அதற்கு இந்தப் பக்கம், ஒரு சாண் தூரத்தில் அப்பாவின் தலை. நான் மேலிருந்து பார்த்தேன். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. அவரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று எழுத எனக்குத் தெரியாது. பிறகு காலடி போனது, கார் போனது, வெளிச்சம் சுவரை விட்டு இறங்கியது. இன்னொன்றையும் எழுதவேண்டும்: குளிர்சாதனப்பெட்டியைத் திறந்தாலே விழித்துக்கொள்ளும் அம்மா, இவ்வளவுக்கும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அது அம்மாவின் வழக்கமான குறட்டை இல்லை.

விடிந்ததும் கண்ணாடியில் பனி படிந்து, அதில் ஒரு கைத்தடம் தெரிந்தது. சிறிய கை. சின்னவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. அம்மா துடைக்கத் துணி எடுத்தார். "விடு" என்றார் அப்பா. வெளியே போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் கையைத் தடத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அப்பாவின் சின்னவிரலும் அப்படித்தான் வளைந்தது. என்னுடையதும். இந்தக் கடிதத்தை எழுதும்போதும் அது பேனாவில் படாமல் தனியே நிற்கிறது. நான் எந்த முடிவுக்கும் வரவில்லை, மாமி. கண்டதை மட்டும் எழுதுகிறேன். முகாமில் எல்லோரும் தங்கள் வாகனங்களைக் கழுவினார்கள். அப்பா கழுவவில்லை.

ஆகவே உங்களைக் கேவலப்படுத்த நாங்கள் அங்கே படுக்கவில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். அதேசமயம், கூப்பிடாத வீட்டுக்குத் தான் ஒருநாளும் வரப்போவதில்லை என்று அப்பா இன்று மத்தியானமும் உறுதியாகச் சொன்னார். எனவே எங்களை எதிர்பார்க்கவேண்டாம். டோஸ்ட்ருப்புக்குப் போனதும் இதைத் தபாலில் அனுப்புவேன். முத்திரையோடு வருவதற்கு மன்னியுங்கள். எங்கள் தெருவிலிருந்த சிவப்புத் தபால்பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், வேறிடம் தேடவேண்டும். உங்கள் முழங்காலுக்கும், மாமாவுக்கும், நான் இன்னும் தூக்காத குழந்தைக்கும் ஆண்டவருடைய சமாதானம் கிடைப்பதாக.

இங்ஙனம்,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்
மிரியம் ஜெபநேசன்

பி.கு.: மேலே எழுதியவற்றில் பல இப்போது பிழையாகிவிட்டன. இடம்: அதே லொறித் தரிப்பிடம், சின்ன வண்டிகளின் பக்கம். ஓல்போர்க்கிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கும் கிரின்ஸ்டெட் வழியில் வராது. "இஞ்சை கழிவறை துப்பரவு" என்கிறார் அப்பா. அவர் இன்னும் அங்கே போகவில்லை. அம்மா இன்றும் மீன் பொரித்தார், படமும் எடுத்தார், இப்போது போர்வைக்குள் அதே பொய்க் குறட்டை. புகார் இறங்கிக் கண்ணாடி மங்கியதும், காய்ந்து மறைந்திருந்த கைத்தடம் தானாக எழும்பி வந்திருக்கிறது. லூக்காஸ் அழ ஆரம்பித்தான். அப்பா அழவேண்டாம் என்று சொல்லிவிட்டு, உள்பக்கமிருந்து அதன்மேல் தன் கையை வைத்தார்.

இப்போது ஒரு கார் மெதுவாக வந்து எதிரே நிற்கிறது. இயந்திரம் ஓடுகிறது. வெளிச்சம் நான் எழுதும் தாளில் விழுகிறது, அதனால் டோர்ச் தேவைப்படவில்லை. அப்பா திரையை முழுவதும் விலக்கிவிட்டார். அப்பாவும் காரில் இருப்பவரும் கண்ணாடிகளுக்குள்ளிருந்து ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், யாரும் இறங்கவில்லை. அன்றிரவு முன்பின் தெரியாத லொறிகளை எல்லாம் தட்டியவருக்கு இன்று கதவின் கைபிடி எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "மிரியம், என்ரை ஒரு சப்பாத்தைக் காணேல்லை" என்கிறார். அது அவருடைய காலில்தான் இருக்கிறது. முத்திரை வேண்டாம், மாமி, இதை உங்கள் கையிலேயே தருகிறேன். இயந்திரம் நின்றுவிட்டது. விளக்குகள் அணைக்கப்பட்டன.