எட்டாம் நம்பர் பாட்டில்

கருவி பொய் சொல்லாது என்று நானும் ஒரு காலத்தில் மார்தட்டியவன்தான். இன்றைக்கும் அதை மறுக்கவில்லை. பொய்யே சொல்லத் தெரியாத ஒன்றைப் பெண் எடுக்கப் போகும் ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். உத்திரமேரூரில் வீடு, சென்னையில் ஆராய்ச்சி. (‘டாக்டருக்குப் படிக்கிறான்’ என்று நைனா ஊரில் சொல்லி வைத்திருந்தார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.) எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருந்தது. தலைமுடி கூடச் சிரமப்பட்டு நுழையும் துளையுள்ள ஒரு கண்ணாடிக் குழாய். அதன் இரு முனைகளுக்கும் நடுவே முப்பதாயிரம் வோல்ட் கொடுத்தால், உள்ளே விட்ட துளியில் மின்னூட்டம் உள்ள மூலக்கூறுகள் எல்லாம் அததன் வேகத்தில் ஓடும். ஓடி முடிக்கிற இடத்தில் நிறைமானி ஒவ்வொன்றையும் எடைபோட்டு இன்னதென்று சொல்லிவிடும். மின்னூட்டம் இல்லாதவை தனித்தனியாக ஓடாது. கும்பலோடு கும்பலாகத் தள்ளாடி வரும், அவற்றைப் பிரித்துப் பார்க்க அதனால் ஆகாது. இந்தக் கடைசி விஷயத்தை அன்று ஊரில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சாப்பிட்ட சாப்பாடு சிறுநீரில் என்ன தடயம் விடுகிறது என்பது என் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்க, சில வாரங்களாவது இறைச்சியே தொடாத ஆட்கள் வேண்டும். “அப்படி ஒரு கூட்டத்துக்கு எங்கே போவது?” என்று என் பேராசிரியர் கவலைப்பட்டார். “புரட்டாசி வருதே சார்!” என்றேன். அவர் என்னை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

மானாம்பதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அறிவியல் என்று பேராசிரியரிடம் சொன்னேன். உண்மையான காரணம் வளர்மதி. எனக்குப் பூ வைத்து முடித்திருந்த பெண். தை மாதம் கல்யாணம். அவள் அப்பா கோவிந்தசாமி மாமாதான் ஊர்ப் பெருமாள் கோயில் பஜனைக்குத் தலைவர். புரட்டாசி பிறந்துவிட்டால் முட்டை விற்கும் கடை நிழலைக்கூட மிதிக்காதவர். அவர் கேட்டுக்கொண்டதால் பஜனைக்காரர்கள் பன்னிரண்டு பேர் சம்மதித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை, பஜனை முடிந்ததும் மண்டபத்தில் பெட்டியைத் திறந்தேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதிய பாட்டில்கள். யாருக்கு எந்த எண் என்று எனக்குத் தெரியக் கூடாது, அது விதி. “நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. காலைல மொத மூத்திரம்” என்று சொல்லிவிட்டுக் குளத்தைப் பார்த்து நின்றேன். முதுகுக்குப் பின்னால் ஏதோ வாக்குவாதம், பிறகு சிரிப்பு. அறிவியல் மேதை திரும்பிப் பார்க்கலாமா? பார்க்கவில்லை. மறுநாள் காலை வந்து பன்னிரண்டையும் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன்.

இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்ததில் பதினொரு பாட்டில்கள் சைவம். எட்டாம் நம்பரில் மட்டும் அன்செரின் கோபுரமாக நின்றது. அன்செரின் கோழிக்கறியில் நிறைய உள்ள பொருள். நேர்மின்னூட்டம் கொண்டது, குழாயில் ஜம்மென்று ஓடிவரும். சாப்பிட்டு ஒரு நாள்கூட ஆகியிருக்காது. நான் துள்ளிக் குதித்தேன். இயந்திரம் வேலை செய்கிறதே!

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை மானாம்பதிக்குப் போனேன். நன்றி சொல்லிவிட்டு வருவதுதான் திட்டம். ஆனால் பாட்டில் கொடுத்தவர்கள் ரிப்போர்ட் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

“இன்னா தம்பி, யார் யாருக்கு இன்னா வியாதி கீது?” என்றார் மிருதங்கம் வாசிக்கும் முனுசாமி.

“இது வியாதி பாக்கற டெஸ்ட் இல்லைங்க.”

“அப்ப எதுக்குப்பா எங்களுத புட்ச்சிக்கினு போன?”

சிரிப்பு. பெண்கள் பக்கத்திலிருந்து வளர்மதியும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு ஊர் சிரித்தால் எந்த மாப்பிள்ளை பொறுப்பான்? “இந்த மெஷின் ஆளையே காட்டிக் குடுத்துடும். பதினோரு பேர் சுத்தம். ஒருத்தர் மட்டும் முதல் நாள் கோழி சாப்பிட்டிருக்கார்” என்றேன்.

முனுசாமி மிருதங்கத்தைத் தள்ளி வைத்தார்.

“எந்த நம்பரு?”

எண்ணைச் சொன்னால் ஆள் எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே! அந்தத் தைரியத்தில் சொன்னேன். “எட்டு.”

அத்தனை தலைகளும் கோவிந்தசாமி மாமாவை நோக்கித் திரும்பின.

நான் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதை நைனா பிறகு கேட்டுவந்து சொன்னார். எட்டு ராசியில்லாத எண் என்று ஒருவரும் அந்தப் பாட்டிலைத் தொடவில்லையாம். “மாப்ள வேல நின்னுடக் கூடாது, எனக்குக் குடுங்கப்பா” என்று மாமா வாங்கிக்கொண்டாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. எட்டு யாருடையது என்பது ஊருக்கே தெரியும், என்னைத் தவிர.

மாமா ஒரு கணம் திகைத்தார். பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே அத்தை (வளர்மதியின் அம்மா) சுண்டலுக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள். (நாணம் என்று நினைத்தேன். என் அறிவு அப்படி.)

“மெஷின் தப்பா இருக்கலாம்…” என்று ஆரம்பித்தேன்.

“மெஷினு கரெக்டாத்தான் சொல்து மாப்ள. நான்தான் தின்னேன்” என்றார் மாமா. விரலில் கோத்திருந்த பஜனைத் தாளத்தைக் கழற்றி முனுசாமியிடம் கொடுத்துவிட்டு, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

வீட்டில் நைனா, “ஏண்டா, இத்தன வருசம் படிச்சது மாமனார் மானத்த வாங்கத்தானா? கண்ணாலம் நின்னுது போ” என்றார். எனக்கும் அதுதான் பயம். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் மாமாவே சைக்கிளில் வந்து நின்றார். “பந்தல்காரன் தையில தேதி கேக்கறான். கோளிக்கோசரம் தள்ளிப் போட முடியுமா?” என்றார். அந்த மனிதரின் காலில் அப்போதே விழுந்திருக்க வேண்டும். மோர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டேன்.

கல்யாணம் ஆகி இரண்டாம் வாரம். அந்த இயந்திரத்தைப் பற்றி நான் ஏதோ பெருமை பேசப்போக, வளர்மதி குறுக்கிட்டாள்.

“அந்தக் கோளி நான் தின்னது.”

காஞ்சிபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தவள் அவள். நான் பாட்டில் கொடுத்த சனிக்கிழமை ஊருக்கு வரும் வழியில், உத்திரமேரூர் கடைத்தெருவில் இருந்த, கூடப் படித்த ஷமீமாவின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே பிரியாணி. தட்ட மனம் வரவில்லை. மறுநாள் விடியற்காலை, மாமா பாட்டிலை நிரப்பிவைத்துவிட்டுக் கழனிக்குப் போனதும், அத்தை அதை அப்படியே கொட்டிவிட்டார். மாமாவுக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. அது எங்கள் வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று பயம். தன்னுடையதை நிரப்பலாம் என்றால் அத்தைக்கும் சர்க்கரை. மகளிடம் பாட்டிலை நீட்டியிருக்கிறார்.

“நான் ஒத்துக்கறேன்னு அப்பாகிட்ட அளுதேன். வாயத் தொறக்காத, கண்ணாலம் ஆவட்டும்னு சொல்லிட்டாரு” என்றாள்.

“வளர், சர்க்கரைக்கு மின்னூட்டமே கிடையாது. அந்த மெஷினுக்குச் சர்க்கரையே தெரியாது. உங்க அப்பாவோட பாட்டிலையே குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். “இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?” என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். கோழியைக் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, பாட்டில் வாங்கும்போது எதிரே நின்ற மனிதர்களின் பயம் தெரியவில்லை.

அடுத்த புரட்டாசியில் ஊர் தாளத்தை மாமாவிடமே திருப்பிக் கொடுத்தது. மன்னித்தார்கள், மறக்கவில்லை. மானாம்பதிக்காரர்கள் இப்போதும் பிரியாணிக் கடையில் ‘ரெண்டு எட்டாம் நம்பர் பார்சல்’ என்றுதான் கேட்கிறார்கள். கடைக்காரருக்கும் புரிகிறது.

எங்கள் வீட்டில் கோழி கொதிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்மதி அப்பாவுக்குப் போன் செய்வாள். புரட்டாசி தவிர மற்ற மாதங்களில் மாமா நன்றாகவே சாப்பிடுவார், ஆனால் என் எதிரில் இதுவரை ஒரு துண்டு தொட்டதில்லை. “எட்டாம் நம்பர் ரெடி, வர்றியாப்பா?” என்று இவள் கேட்பாள். மறுமுனையில் அவர் கேட்பது எனக்கும் கேட்கும்.

“மாப்ள வூட்ல கீறாரா?”