குறையற்ற வண்டியும் கூடுதல் காதும்

"மாப்பிள்ளை, பின்னாடி ஏதோ சத்தம்..."

"சத்தம்தான் அத்தை, அதுக்குத்தானே இந்த வண்டியையே..."

"அந்தச் சத்தம் இல்ல, இது வேற. டக்குனு..."

"எட்டு சிலிண்டர் அத்தை! எட்டும் ஒண்ணா உறுமினா அப்படித்தான்..."

"உறுமறது முன்னாடி. டக்குங்கறது என் முதுகுக்குப் பின்னாடி, வலது பக்கம்."

"கொஞ்சம் பேசாம வாங்க அத்தை. நீங்க பேசினா உறுமல் சரியா கேக்க மாட்டேங்குது."

சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மனித குலம் எதை நோக்கி உருண்டுகொண்டிருந்தது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்வேன்: எங்கள் மாப்பிள்ளையின் கார் ஷெட்டை நோக்கி. அங்கேதான் அது கடைசியில் வந்து நின்றது. நின்றது என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன்.

மூன்றரை நொடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் வண்டி. எட்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. எட்டி யாரும் பார்த்ததில்லை. காரணம், அதே கையேட்டின் பதினோராம் பக்கம். முதல் இரண்டாயிரம் கிலோமீட்டர் 'பழகு காலம்'. அதுவரை எண்பதைத் தாண்டக் கூடாது. ஸ்டீயரிங்கில் இருக்கும் சிவப்புப் பொத்தானைத் தொடவே கூடாது. மாப்பிள்ளை விதிகளை மதிப்பவர். எண்பது என்றால் நாற்பதில் போவார். எங்கள் தெருத் தபால்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டும்போது மரியாதைக்காக ஒருமுறை மணி அடிப்பார். "வண்டி பிரமாதம் சார்!" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிவிட்டு முன்னால் போய்விடுவார்.

மாப்பிள்ளைக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஆபத்துகளை மதிப்பிடும் அதிகாரி. யார் வீட்டுக் கூரை எப்போது விழும், எந்த மாடிப்படி யாரை உருட்டும் என்று நாற்காலியை விட்டு எழாமலே சொல்லக் கூடியவர். அப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த வண்டியில் குறை இருக்க முடியுமா?

இதே வண்டியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் பந்தயத் தடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அதற்குள் இரண்டாயிரத்தை முடித்துவிட்டு, அங்கே சிவப்புப் பொத்தானை அமுக்குவதாக ஏற்பாடு. மணிக்கு இருநூற்றைம்பது. முன் சீட்டில் உரிமையாளரின் மனைவி சிரித்த முகத்தோடு உட்கார வேண்டும் என்பது சங்க விதி, போட்டோவுக்காக. அந்த மனைவி என் மகள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

அதனால்தான் அந்த 'டக்'கில் எனக்குக் கொஞ்சம் அக்கறை.

என் தொல்லை தாங்காமல் மாப்பிள்ளை வண்டியை சர்வீஸுக்கு விட்டார். சர்வீஸ் சென்டர் என்று சொல்லக் கூடாதாம். 'அனுபவ மையம்'. தரையில் வெள்ளைக் கம்பளம், மூலையில் ஆர்கிட் பூ, ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. வண்டி ரிப்பேர் பார்க்கும் இடம் இவ்வளவு சுத்தமாக இருந்தால், அங்கே ரிப்பேர் பார்ப்பதில்லை என்றுதானே அர்த்தம்? வண்டிக்கு அவசியமில்லை என்பதால் என்று நான் எடுத்துக்கொண்டேன். வரவேற்றவரின் சட்டையில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர்' என்று தைத்திருந்தது. சுருக்கமாக மகிழ்ச்சி என்றே சொல்கிறேன்.

"சொல்லுங்க மேடம், என்ன குறை... மன்னிக்கணும், அந்த வார்த்தையை நாங்க பயன்படுத்தறதில்ல. என்ன அனுபவம்?"

"டக்."

மகிழ்ச்சி வண்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஒரு வயரை மாட்டினார். "வண்டியில நூத்தி நாப்பது சென்சார் இருக்கு மேடம். ஒண்ணுகூட டக்னு சொல்லல."

"அதுல எதுவும் பின் சீட்டுல உக்காரலியே."

"சார், உங்களுக்குக் கேக்குதா?"

"இல்ல," என்றார் மாப்பிள்ளை.

"மேடத்துக்கு?"

என் மகளைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் மாப்பிள்ளையிடமிருந்து வந்தது. "அவளுக்கும் கேக்கல."

என் மகள் நீதிமன்றத்தில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவள். நாள் முழுக்கக் காதில் ஹெட்ஃபோன். சாட்சி சொல்வதையெல்லாம் அடிப்பாள். நடுவில் அவர் இருமினால் அடைப்புக்குறிக்குள் 'இருமல்' என்று போடுவாள். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "எனக்குக் கேக்குது. அது போதாதா?"

மகிழ்ச்சி படிவத்தில் இரண்டு 'இல்லை'யும் ஒரு 'ஆம்'மும் போட்டார். பெரும்பான்மை தெளிவாக இருந்தது.

"இது பழுதில்ல மேடம். வண்டியோட குணம்."

குணம்! என் வாழ்நாள் முழுவதும் இந்தச் சொல் தெரியாமல் எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறேன். குழாய் ஒழுகினால் ஆள் தேடி அலைந்தேன். கடைவாய்ப் பல் ஆடியதும் பிடுங்கிக்கொண்டேன். ஒழுகுவது குழாயின் குணம், ஆடுவது பல்லின் குணம் என்று எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு மேலாளர் இல்லாமல் போய்விட்டார்.

"இருந்தாலும் உங்க மகிழ்ச்சி எங்களுக்கு முக்கியம்," என்றார் மகிழ்ச்சி. "உறுமலை ரெண்டு படி கூட்டிக் குடுத்திருக்கோம். இனிமே டக் உங்களைத் தொந்தரவு பண்ணாது."

"எஞ்சினைக் கூட்டினீங்களா?"

"எஞ்சின் ரொம்ப அமைதியான டைப் மேடம். உறுமல் ஸ்பீக்கர்ல வருது. ஸ்டூடியோவுல பதிவு பண்ணினது."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "தெரியும்," என்றார் அவர், அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டவர்கள் சொல்கிற மாதிரி.

கூட்டிய உறுமல் மிகச் சிறப்பாக இருந்தது. தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. தபால்காரர் மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை. பாவம், மூன்று முறை அடித்துவிட்டுத் தாண்டிப் போனார். ஆனால் எவ்வளவு பெரிய உறுமலும் நடுவே ஒரு மூச்சு விட்டுத்தானே ஆக வேண்டும்? அந்த இடைவெளியில் வந்தது.

"டக்," என்றேன்.

"அத்தை..."

"நான் சொல்லல மாப்பிள்ளை. அது சொல்லுது."

அன்று சாயங்காலம் அவர் சங்கத்துக்காரர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க அத்தைக்கு மரை கழண்டுடுச்சுப்பா. டக்கு டக்குனு அதே பேச்சு." என் காதைப் பற்றித் தெரிந்தும் பக்கத்து அறையில் நின்று பேசினார். வெளிப்படையான மனிதர்.

அனுபவ மையமும் சும்மா இருக்கவில்லை. வண்டியைச் சோதித்தாகிவிட்டது, அடுத்து என்னைச் சோதிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. 'புகார் கூறும் பயணியின் செவித்திறன் அறிக்கையை இணைக்கவும்.' போனேன். காது டாக்டர் என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஊசி விழுகிற மாதிரிச் சத்தங்களையெல்லாம் அனுப்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கினேன். அவர் அனுப்பாத ஒன்றுக்கும் தூக்கினேன். அடுத்த அறையில் நர்ஸ் பேனா மூடியைத் திறந்திருக்கிறாள்.

"இந்த வயசுல இப்படி ஒரு காதை நான் பாத்ததே இல்லம்மா," என்று எழுதியே கொடுத்தார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

நகலை அனுப்பி வைத்தோம். நான்கே நாளில் பதில் வந்தது. 'மேற்படி பயணியின் காது, எங்கள் வாகனம் யாருக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்தப் பயணிகளின் காதைவிடக் கூடுதலாக உள்ளது. கூடுதல் காதுக்கு உத்தரவாதம் பொருந்தாது. இவரைப் பின் இருக்கையில் ஏற்றாவிட்டால் சத்தம் முழுமையாக நீங்கும்.'

நீங்கியது. மறுநாள் முதல் நான் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஆபீஸ் விட்டதும் என் மகளை ஏற்றிக்கொண்டு, கிலோமீட்டர் சேர்ப்பதற்காக ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார். திரும்பி வந்து சந்தோஷமாகச் சொல்வார். "பாத்தீங்களா அத்தை? இப்ப டக் சுத்தமா நின்னு போச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆயிடுச்சு!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. எழுபது. எண்பத்தெட்டு. சனிக்கிழமை வந்துவிட்டது.

காலையில் ஷெட்டைப் பெருக்கப் போனேன். பின் சக்கரத்துக்கு அருகே, தரையில் ஒரு நட்டு. கட்டைவிரல் நகம் அளவு. புத்தம் புதிது, பளபளவென்று.

"மாப்பிள்ளை, இது என்ன?"

"நட்டு."

"யாரோடது?"

"வீட்டுல எத்தனையோ நட்டு கிடக்கும் அத்தை. வாஷிங் மெஷினோடதா இருக்கும்."

"வாஷிங் மெஷின் ஷெட்டுக்கு நடந்து வந்துச்சா?"

"நாளைக்கு ரேஸ் டிராக்குக்குப் போகணும், இன்னும் பன்னண்டு கிலோமீட்டர் பாக்கி, இப்பப் போய்..."

சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து ஷெட் வாசலில் போட்டு, வண்டிக்கு நேரே உட்கார்ந்தேன். "இதைக் காட்டிட்டு வாங்க. இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போங்க. மூணரை செகண்டுதானே ஆகும்?"

கடைசியில் மூன்று பேருமாகப் போனோம். ஊர்ந்துதான் போனோம். வழியெல்லாம் உறுமினோம்.

கம்பளத்தின் மேல் நின்று நட்டை உயர்த்திக் காட்டினேன். கொஞ்சம் உரக்கவே பேசினேன் போலிருக்கிறது. ஆர்கிட் பூ ஆடிற்று. மகிழ்ச்சி அமைதியாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "வண்டியில காணாமப் போன நட்டு எதுவும் இல்ல மேடம்."

"அப்ப இது?"

"அதை நீங்க 'கண்டெடுத்த பொருட்கள்' பிரிவுல ஒப்படைக்கலாம்." பிறகு மாப்பிள்ளை பக்கம் ஒரு தாளை நகர்த்தினார். 'முழு மகிழ்ச்சிப் படிவம்.' கீழே ஐந்து நட்சத்திரம். "இதுல கையெழுத்துப் போட்டுட்டா விஷயம் முடிஞ்சுது சார். நாளைக்கு நிம்மதியா பொத்தானை அமுக்கலாம்."

மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார். முதல் மூன்று நட்சத்திரங்களுக்கு மை ஏறியாகிவிட்டது.

அப்போது உள்ளே போகும் கண்ணாடிக் கதவு திறந்தது. ஒரு மெக்கானிக். ஷூவில் எண்ணெய் இருந்ததால் கம்பளத்தை மிதிக்காமல் அதன் ஓரத்திலேயே நின்றார்.

"சார், வண்டியைத் தூக்கிப் பாத்தேன். வலது பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற தண்டுல ஒரு நட்டைக் காணோம். இன்னொண்ணு வெறும் கையாலயே கழண்டு வந்துடுச்சு." அங்கிருந்தே கையை நீட்டிக் கொடுத்தார். வாங்கி, என் நட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. மரை கழன்றது யாருக்கு என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. பெரிய மனுஷி.

மாப்பிள்ளை இரண்டு நட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளைக்குப் பொத்தானை அமுக்கியிருந்தா?"

"சக்கரம் உங்களுக்கு முன்னாடியே போய்ச் சேந்திருக்கும் சார்."

"உன்னை யாரு வண்டியைத் தூக்கச் சொன்னது?" மகிழ்ச்சியின் முகத்தில் முதல்முறையாக மகிழ்ச்சி இல்லை.

"அம்மா நட்டைப் பத்திச் சத்தம் போட்டது உள்ள வரைக்கும் கேட்டுச்சு சார். அப்பதான் பழைய பேப்பர் ஞாபகம் வந்துச்சு. வண்டி டெலிவரி ஆன மூணாம் நாளே வந்ததே, அது."

"அது முடிச்ச கேஸ். உரிமையாளர் கையெழுத்து இல்லாம வந்த புகார். எடுத்துக்கக் கூடாது."

"அதுல எந்த இடம்னு எழுதியிருக்கோ, அங்கதான் சார் பாத்தேன். அப்படியே இருந்துச்சு."

மேல் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையும் நானும் தலையை முட்டிக்கொண்டு படித்தோம். சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தது. 'இடது பக்கம் திரும்பும்போது மட்டும். வேகம் இருபதுக்குக் கீழே. வலது பின் சக்கரத்தின் உள்பக்கம், இரும்பின் மேல் இரும்பு படும் ஒலி. திரையில் மூன்றாவது பட்டனை அமுக்கி ஸ்பீக்கர் உறுமலை நிறுத்தினால் தெளிவாகக் கேட்கும்.' கீழே தேதி, நேரம், தெருப் பெயர் என்று பத்தொன்பது வரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு சொல்: (டக்).

எங்கள் வீட்டில் அடைப்புக்குறி போடுகிறவர் ஒருவர்தான்.

"உனக்கும் கேட்டுச்சா?" என்றார் மாப்பிள்ளை.

"உனக்குக் கேட்டுச்சாடி?" என்றேன் நான், அதே நேரத்தில்.

மகள் முதலில் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடினாள். நட்சத்திரம் போட்ட தாளைக் கிழிக்கவில்லை. அழகாக மடித்து மெக்கானிக்கிடம் கொடுத்தாள், கை துடைத்துக்கொள்ள. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"முதல் நாளே கேட்டுச்சு. இவர் என்னைக் கேக்கல, சரி, அது இவரோட குணம். டாக்டரே எழுதிக் குடுக்கற அளவுக்கு நல்ல காது உனக்கு, நீ ஒரு தடவையாவது என்னைக் கேட்டியாம்மா?"