தெய்வ சக்தி இரண்டாயிரத்து நூற்று நாற்பது

கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று உலகத்துப் படிப்பாளிகள் எல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பிரச்சினை போன மாசி மாதமே தீர்ந்துவிட்டது. இருக்கிறார். ஆதாரம், ஒரு கறுப்புப் பெட்டி. பெயர் தெய்வமானி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தால் கடவுளை அளந்து காட்டுவார்கள். பதினொன்றரைக்கு அன்னதானம். கடவுளைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர், ரசத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று அளக்க மட்டும் அங்கே கருவி இல்லை.

அளப்பவர் அணுச்சித்தர். காவி வேட்டி, அதற்கு மேல் டாக்டர்கள் மாட்டும் வெள்ளைக் கோட்டு. இடுப்புக்குக் கீழே ஆன்மிகம், மேலே விஞ்ஞானம். இரண்டுக்கும் சண்டை இல்லை என்பதற்கு அவரே சாட்சி.

செய்முறை எளிது. கேன் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றுவார்கள். பெட்டியிலிருந்து வரும் கம்பியை அதில் விட்டால் திரையில் நாற்பது என்று எண் விழும். சாதாரணத் தண்ணீர். பிறகு சித்தர் கண்ணை மூடி மந்திரம் சொல்லி, இடுப்புப் பையிலிருந்து ஒரு சிட்டிகை விபூதியைத் தூவிக் கலக்குவார். மறுபடி கம்பி. பெட்டி குய்யென்று கத்தும். தொள்ளாயிரத்துப் பத்து. அத்தனையும் தெய்வ சக்தி. மண்டபமே எழுந்து கும்பிடும்.

வந்தவர்களை விவரம் தெரியாத சனம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வரிசையில் ஒரு பேங்க் மேனேஜர். பக்கத்தில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் இயற்பியல் வாத்தியார். வாத்தியார் தலையாட்டினார். அவரே ஆட்டுகிறாரே என்று பின்னால் இருந்தவர்களும் ஆட்டினார்கள். பின்னால் இத்தனை பேர் ஆட்டுகிறார்களே என்று வாத்தியார் இன்னும் கொஞ்சம் ஆட்டினார்.

ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியநாயகிக்குக் கடவுள் புதிதல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்காளம்மனுக்கு விளக்குப் போடுகிறவள். அம்மனின் சக்தி எத்தனை என்று இந்த நாற்பத்தாறு வயது வரைக்கும் அவள் கேட்டதில்லை, அம்மனும் சொன்னதில்லை. அவள் மண்டபத்துக்கு வந்தது அவள் புருஷன் சுவாமிநாதனுக்காக.

சுவாமிநாதன் அங்கே மஞ்சள் பட்டை குத்திய தொண்டர். பதினோரு வருஷமாகச் சர்க்கரை நோய். காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்த மனிதர், பன்னிரண்டு நாளாக அதை நிறுத்திவிட்டு, மந்திரித்த தண்ணீரை அரை லிட்டர் பாட்டிலில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை ரத்தத்தைப் பார்த்தபோது சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. இடது காலில் பெருவிரல் ஓரம் கறுத்துப் புண் வைத்திருந்தது. இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனால் விரலை எடுக்க வேண்டும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டுச் சுவாமிநாதன் சிரித்தார். டாக்டர் உடம்பைத்தான் பார்க்கிறார், சித்தர் அணுவையே பார்க்கிறார் என்றார். பெரியநாயகி அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஒருநாள் சோறு போடாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அவளிடம் மிச்சம் இருந்தது கோழிக்காரர்களின் பழக்கம் ஒன்றுதான். பதினெட்டாயிரம் முட்டைக்கோழி, மூன்று ஷெட்டு, எல்லாம் அவள் மேற்பார்வை. புதுத் தீவனமோ டானிக்கோ கொண்டுவந்து வானத்தை வில்லாக வளைக்கிற கம்பெனிக்காரர்களை நாமக்கல் பக்கத்துப் பண்ணைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. காப்பி கொடுப்பார்கள். ஒரு ஷெட்டுக்குப் போடுவார்கள், இன்னொரு ஷெட்டுக்குப் போடமாட்டார்கள். எது எது என்று முட்டை எண்ணுகிற ஆளுக்குச் சொல்லமாட்டார்கள். இருபது நாள் கழித்து முட்டை பேசும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் புருஷனுக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் பெரியநாயகி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நாளைக்கு நான் ஆறு டம்ளர்ல தண்ணி கொண்டு வாரேன். மூணுல சித்தர் மந்திரிச்சது, மூணுல நம்ம சாதாத் தண்ணி. எது எதுன்னு பொட்டி சொல்லட்டும். சரியாச் சொல்லிப்போட்டா ஊசியை நானே குப்பையில போடறேனுங்க. மாத்திச் சொன்னா, நீங்க மத்தியானச் சோத்துக்கு முன்னால ஊசி போட்டுக்கோணும்."

சுவாமிநாதனுக்கு ஒரே சந்தோஷம். பொண்டாட்டியும் நல்ல வழிக்கு வரப்போகிறாள் என்று அவரே பூஜை மாடத்திலிருந்து மூன்று பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். விபூதி அடியில் தங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. பெரியநாயகி மேல் தண்ணீரை மூன்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். சாதாத் தண்ணீருக்கு எங்கே போவது என்று அவள் யோசிக்கவே இல்லை. மூன்றாவது ஷெட்டுக் குழாய் பக்கத்தில் இருந்தது, திறந்து பிடித்தாள். டம்ளர்களின் அடியில் எண் ஒட்டி, எந்த எண்ணில் எந்தத் தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதி மடித்தாள். அந்தத் தாளை வைத்துக்கொள்ள, பண்ணைக்குக் கோழி மருந்து கொடுக்கும் பஷீர் அகமதுவைக் கூப்பிட்டாள். அவர் கொண்டுவந்த டானிக் இரண்டை இதே முறையில் திருப்பி அனுப்பியவள் அவள். அதில் அவருக்குக் கோபம் இருந்தாலும் மரியாதையும் இருந்தது.

மண்டபத்தில் சித்தர் அன்றைய அளவையை முடித்ததும் பெரியநாயகி எழுந்து, கும்பிட்டு, விஷயத்தைச் சொன்னாள். சித்தர் முகத்தில் ஒரு கணம் ஈ ஆடவில்லை. தெய்வத்தைச் சோதிப்பது பாவம் என்று ஆரம்பித்தார். ஆனால் கூட்டம் விடவில்லை. நம்பிக்கை முற்றிய கூட்டம் அது. நம்ம சித்தருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். செய்து காட்டுங்க சாமி, உலகம் பார்க்கட்டும் என்று பேங்க் மேனேஜர் செல்போனை நீட்டிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். தாளை ஒரு பாய் வைத்திருப்பதை உதவியாளன் ஒருவன் காட்டினான். எல்லா மதத்துக் கடவுளையும் அளக்கும் கருவி என்று பேனரிலேயே அச்சடித்திருந்ததால் அந்த வழியும் அடைபட்டது. தவிர, தன் தண்ணீர் தொள்ளாயிரத்துக்குக் குறையாது, சாதாத் தண்ணீர் நாற்பதைத் தாண்டாது என்று சித்தருக்குத் தெரியும். சரி என்றார்.

முதல் டம்ளர். பெட்டி இதுவரை கத்தாத கத்தாகக் கத்தியது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இரண்டாவது, தொள்ளாயிரத்து ஐந்து. மூன்றாவது, தொள்ளாயிரத்துப் பத்து. நான்காவதும் ஐந்தாவதும் மறுபடி இரண்டாயிரத்துக்கு மேல். ஆறாவது தொள்ளாயிரம். சாதாத் தண்ணீர் ஏன் நாற்பது காட்டவில்லை என்று சித்தர் கொஞ்சம் முழித்தார். ஆனாலும் எண் பெரிதாக இருப்பதுதானே பெரிய தெய்வம். ஒன்று, நான்கு, ஐந்தைத் தனியே நகர்த்தினார்.

"இந்த மூன்றில்தான் என் மந்திரம் இருக்கிறது" என்றார்.

பஷீர் தாளைப் பிரித்துப் படித்தார். ஒன்று, நான்கு, ஐந்து, மூன்றாவது கோழி ஷெட்டுக் குழாய்த் தண்ணீர். சமையலறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

சித்தர் லேசுப்பட்டவர் அல்ல. கண்ணை மூடித் திறந்து, அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வரும் ஆழ்துளைக் கிணற்றுக்கு அடியில் ஒரு மகானின் ஜீவசமாதி இருக்கிறது, அதனால்தான் இத்தனை சக்தி என்றார். சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் பெரியநாயகியைப் பார்த்துக் கும்பிட்டது. அவளுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

பஷீர் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். கோழிக் குடிதண்ணீரில் உப்பு எத்தனை என்று பார்க்க அவர் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோகும் மீட்டர். முதல் டம்ளரில் விட்டுப் பேங்க் மேனேஜரிடம் காட்டினார். இரண்டாயிரத்து நூற்று முப்பத்தெட்டு. தண்ணீரில் உப்பு ஏற ஏற எண் ஏறும், இதைத் தவிர இதற்கு வேறு வேலை இல்லை என்றார். விபூதியோடு உப்பைக் கலந்து தூவினால் யார் தூவினாலும் கத்தும் என்றார்.

பெரியநாயகி அப்போதும் வாதம் செய்யவில்லை. அன்னதான ரசத்தில் ஒரு டம்ளர் வாங்கிவந்து, தெய்வமானியின் கம்பியை அதில் விட்டாள். பெட்டி குய்யென்றது. எண் ஒன்பதாயிரத்தைத் தாண்டி, திரையில் கோடு மட்டும் நின்றது. இயற்பியல் வாத்தியார் எழுந்து, தனக்கு முதலிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்.

நம்பாதவர்கள் பக்கத்தில் இருந்தால் கருவி தடுமாறும், நம்பிக்கை பத்தாததுதான் காரணம் என்று சித்தர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

"எத்தனையோ கம்பெனிக்காரங்க எங்கிட்ட மருந்து வித்திருக்கறாங்க" என்றாள் பெரியநாயகி. "வேலை செய்யலீன்னா வெயிலுன்னுவாங்க, தண்ணின்னுவாங்க. கோழிக்கு நம்பிக்கை பத்தலீன்னு ஒருத்தருஞ் சொன்னதில்லீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு சிரிப்புக்கு மேல் எந்தத் தெய்வமானியும் தாங்காது. உதவியாளர்கள் கம்பியைச் சுருட்டினார்கள். போன வாரம் பாட்டில் வாங்கியவர்கள் பணத்தைக் கேட்க மேடை ஏறியபோது, ஆன்மிகம் பின்வாசல் வழியாகக் காரில் ஏறிவிட்டது. வெள்ளைக் கோட்டு மட்டும் நாற்காலியில் கிடந்தது.

சுவாமிநாதன் மஞ்சள் பட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். மொபெட்டில் வீடு வந்தார்கள். வாசலில் இறங்கும்போது கேட்டார்.

"ஏம்புள்ள, சாமியவே சோதிச்சுப்போட்டியே?"

"சாமியச் சோதிக்கலீங்க. பொட்டியத்தான் சோதிச்சேன். பொட்டிக்குள்ள சாமி இருக்குதுன்னு சொன்னது அந்தாளு. எங்காத்தா எந்த நம்பருக்குள்ளயும் அடங்கமாட்டா. அவ இருக்கறாளான்னு காட்ட எங்கிட்ட மீட்டரு இல்லீங்க, உங்க சக்கரை எத்தனைன்னு காட்ட மீட்டரு இருக்குதே. அதைப் பாக்கோணுமா வேண்டாமா?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். சுவாமிநாதன் உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து இன்சுலினை எடுத்தார். பன்னிரண்டு நாளில் கை மறக்கவில்லை, வயிற்றில் குத்திக்கொண்டார். சோறு தின்றுவிட்டு, அதே மத்தியானம் காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள், விரல் தப்பும் என்று டாக்டர் சொன்னார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. மறுநாள் காலை ஏழு மணிக்குப் பண்ணைக் கதவை யாரோ தட்டினார்கள். பெரியநாயகி போய்த் திறந்தாள். வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கையில் குடம், கேன், பெயின்ட் வாளி. முன்னால் அங்கம்மாள் என்ற அம்மாள், தன் பேரனுக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும், மூன்றாவது ஷெட்டுத் தண்ணீர் ஒரு குடம் வேண்டும் என்றும் சொன்னாள். சித்தர் தண்ணீர் வெறும் தொள்ளாயிரம்தானாம், இது இரண்டாயிரத்து நூற்று நாற்பதாம்.

பெரியநாயகி முதலில் அந்தப் பேரனை மாத்திரையோடு உடனே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாள். பிறகு கதவை அகலத் திறந்து, வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இது தரை கழுவற தண்ணீங்க. அஞ்சு ரூவா முட்டை போடற கோழிக்கு இதைக் குடுக்கலாமான்னு நாங்க மூணு தடவை சோதிச்சு, வேண்டாமுன்னு உட்டுட்டமுங்க. நீங்க பெத்த புள்ளைக்குக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவையாச்சும் யோசிக்கக் கூடாதுங்களா?"